ரப்பர் மூட்டு

மூன்று மணிக்கு மேல்தான் கடற்காற்று எழும்.
அதுவரை பொய் சொல்லிக்கொண்டிருப்போம்.

தேவனாம்பட்டினத்துச் சவுக்கு நிழலில்
ஐந்து பலகைகள் வயிறு காட்டிக் கிடக்கின்றன.
"பதினோரு வருஷம். ஒரு தையல் பிரிஞ்சதில்ல"
என்கிறார் முதுநகர் நிஜாமுதீன்.
பாயைத் தடவும் அவர் விரல்
ஒட்டுப்போட்ட இடம் வந்ததும்
சின்னதாய் எம்பித் தாண்டிப் போகிறது.

ரெமி புதுச்சேரியிலிருந்து வருகிறான்,
கம்பத்தை இரண்டாய்க் கழற்றிப்
பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு.
"நூத்துக்கு நூறு கார்பன்."
போன வாரமும் சொன்னான்.
காசாளர் கலியமூர்த்தி
சைக்கிள் டியூப் சுற்றிய பிடிகம்பைத்
துணியால் துடைத்தபடி,
"எங்க வீட்லயும் ஒருத்தன்
பத்தாவதுல நூத்துக்கு நூறு எடுத்தான்" என்கிறார்.
அதற்கு மேல் சொல்லவில்லை.

என் வேலை சிப்காட்டில்.
வெயில் பெட்டிக்குள் பிளாஸ்டிக் துண்டுகளை அடைத்து
எத்தனையாவது மணியில் எது வெளுக்கிறது,
எது மடித்தால் நொறுங்குகிறது என்று
நோட்டில் எழுதுவது.
அதனால் சொல்கிறேன்:
பாயைக் கிழிப்பது காற்றல்ல.
வெயில் தின்று வைத்ததைக்
காற்று வந்து கிழிக்கிறது,
பழி காற்றுக்கு.
கரையேறியதும் சுருட்டுங்கள், நிழலில் வையுங்கள்,
நல்ல தண்ணீர் ஒரு குடம் ஊற்றுங்கள்.

"பொண்டாட்டியே இவ்ளோ கேக்கல" என்கிறார் நிஜாமுதீன்.
சிரிக்கிறார்கள். நானும்.
ஜிப்பில் உப்பு ஏறினால் மெழுகா எண்ணெயா,
பலகை ஓட்டைக்கு எந்தப் பசை,
(பண்ருட்டிப் பலாப்பாலே போதும் என்று கலியமூர்த்தி)
கயிறு எத்தனை மில்லி,
தானே புயலில் யாருடையது தப்பியது.
பேச்சு ஓட ஓட
தண்ணீர் மேல் கருமை விழுந்தது.
எழுந்தோம்.

சோளகம். நல்ல சோளகம்.
கெடிலம் கடலில் கலக்குமிடத்துக்கு அப்பால்
மஞ்சள் பாயொன்று
காற்று நிற்காமலே படுத்தது.

பலகை ஒரு பக்கம். பாய் ஒரு பக்கம்.
இரண்டையும் விடாமல்
கால்களால் ஒன்றையும்
கையால் ஒன்றையும் பிடித்தபடி
நிஜாமுதீன் வடக்கே போய்க்கொண்டிருந்தார்.

கம்பத்தையும் பலகையையும் சேர்க்கும் ரப்பர்.
உள்ளங்கை அளவு.
எங்கள் பேச்சில் ஒருநாளும் வராத சாமான்.

நண்டு வலை ஏற்றிப் போன அஞ்சாபுலி
எஞ்சினை அணைத்துக் கயிறு வீசினான்.
கரைக்கு இழுத்து வந்து போட்டுவிட்டு
எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தான்.
"இது மொத்தம் எவ்ளோ?"
யாரும் விலை சொல்லவில்லை.
டீசலுக்கு நீட்டிய ஐந்நூறை வாங்கவில்லை.
அறுந்த ரப்பரைக் கையிலெடுத்து
அமுக்கிப் பார்த்தான், முகர்ந்தான்.
"இத எடுத்துக்கட்டா?
எஞ்சினுக்கு அடியில குடுக்க ஆவும்."

நிஜாமுதீன் தலையாட்டினார்.
பதினோரு வருஷம் பற்றி
அன்றைக்கு அப்புறம் பேச்சில்லை.

இருட்டும் நேரத்தில் கவனித்தேன்.
ரெமி கார்பனை விட்டுவிட்டுக்
கம்பத்தின் காலடியில் குந்தியிருந்தான்.
கலியமூர்த்தி நோட்டு எண்ணும் கட்டைவிரலால்
எதையோ வளைத்துக்கொண்டிருந்தார்.
ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கடியில்
என்னுடையதை வளைத்தேன்.
உட்பக்கம், ஒரு மயிரிழை.
ஆய்வகத்தில் இதற்கு ஒரு கட்டம் உண்டு,
சிவப்புப் பேனாவால் நிரப்புவேன்.

புதியது வரப் பத்து நாளாகும்.
நாளைக்குக் காற்று இருக்காது
என்று சொல்லிக்கொண்டு படுத்தேன்.

காலையில்
கொடியில் போட்ட துண்டு
பக்கத்து மாடியில் கிடந்தது.